மேலதிகத் தரவுகள் தேவை

காலை ஏழரைக்கே வீடு இரண்டுபட்டிருந்தது. காரணம் ஒரே ஒரு பக்கம்.

கூடத்தின் நடுவில் நின்று கணவர் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி விரிவுரையாளர், மளிகைப் பட்டியலைப் படித்தாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

“‘மணமகள் பொறுமைசாலி எனக் கருத இடமுண்டு. எனினும் மேலதிகத் தரவுகள் தேவை.’ இதைத்தாம்மா உன் மருமக மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கா. என் தங்கச்சியைப் பத்தி.”

மாமியார் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். “அனுப்பி ஆறு நாளாச்சு. ஒரு போன் இல்லை. ஏன்னு இப்பத்தானே தெரியுது...”

மருமகள் சாப்பாட்டு மேஜையில், மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே எழுதிக்கொடுப்பது அவள் தொழில். ஷாம்பு விளம்பரம், விடுதிகளின் இணையதளம், யார் யாரோ முனைவர் ஆவதற்கான ஆய்வேட்டைச் செப்பனிடுவது, எல்லாம் அந்த ஒரே மேஜையில்தான். ‘பட்டுப்போன்ற கூந்தல்’ என்று எழுதினால் ஷாம்புக்காரர் உருகிவிடுவார். ஆய்வேட்டில் எழுதினால், ‘பட்டு என்று யார் சொன்னது, எந்தப் பக்கம்?’ என்று ஓரத்தில் சிவப்பில் கேள்வி வரும். ஷாம்பு அரைமணி வேலை, மறுநாள் மறந்துவிடலாம். ஆய்வேடு மூன்று மாதம் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். இறங்கின பிறகும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒட்டியிருந்த வாரத்தில் நாத்தனாருக்கு வரன் குறிப்பு எழுதியதுதான் வினை.

“முதல் தடவை நல்லாத்தானே எழுதினே?” என்றாள் மாமியார். “‘குணத்தில் தங்கம், குடும்பத்துக்கு விளக்கு’ன்னு.”

“அதைப் பார்த்து நாலு வீட்டுக்காரங்க வந்தாங்க, அத்தை. தங்கத்தையும் விளக்கையும் தேடிட்டு, டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய விஷயம் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். “ஆய்வெழுத்துங்கறது ஒரு தவம். அதை ஷாம்புவோட ஒரே மேஜையில வெச்சா இப்படித்தான் ஆகும்.”

அந்தத் தவத்தை அவளும் ஒருமுறை தொடங்கியிருந்தாள், சொந்தப் பெயரில். ஐந்து வருடத்துக்கு முன்பு மாமனார் காலமானார். கணவருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. நாத்தனாரின் படிப்பு நின்றுவிடும் போலிருந்தது. அவள் தன் ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்களையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டு, ஷாம்புவில் இறங்கினாள். தவத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்தாள்.

“நான் போயிட்டா துணி மடிக்க ஆள் இருக்காதுன்னுதானே, அண்ணி? அதை மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். ஊருக்கே எழுதி அனுப்பணுமா?”

அறைக்கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

மருமகள் எழுந்தாள், உட்கார்ந்தாள், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். மாமியார் ஜன்னலுக்கும் போனுக்குமாக நடந்தாள். கணவர் கல்லூரிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டினார், கழற்றினார்.

போன் அடித்தது. மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாப்பிள்ளையோட அம்மா பேசறேன். தாமதத்துக்குத் தப்பா நினைக்காதீங்க. நீங்க அனுப்பின பேப்பரைப் பையன் கையிலயே வெச்சிட்டுச் சுத்தறான். லிஃப்ட் பரிசோதகர் இல்லையா... ‘எல்லாம் நல்லா இருக்கு’ன்னு யாராவது சொன்னா அந்த லிஃப்டுல ஏறவே மாட்டான். இதுல ஒரு இடம் நிஜமான்னு கேக்கச் சொன்னான். படிக்கவா?”

“படிங்க,” என்றார் கணவர், முன்வரிசைக்குக்கூடக் கேட்காத குரலில்.

“‘கோபம் வந்தால் கதவை அறைவார், கால் மணிக்குள் தானே திறந்து வருவார் (பலமுறை கண்டது). ஒருவர் அழுதால், காரணம் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்காருவார் (ஒருமுறை கண்டது).’ நிஜம்னா ஞாயித்துக்கிழமை வர்றோம். எழுதினவங்களையும் பாக்கணுமாம்.”

மாமியார் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டாள். “நீ என்னைக்குடி அழுதே?”

“பெட்டியை மேலே ஏத்தின அன்னைக்கு, அத்தை.”

கணவர் அலமாரி உச்சியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது.

மாமியார் போனை வாயருகே கொண்டுபோனாள். “நிஜம்தாங்க. எழுதினது எங்க மருமக. அவ பொய் எழுத மாட்டா.”

ஷாம்பு கணக்கில் சேராது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். சிரிப்புதான் வரப்பார்த்தது, வந்தது வேறு.

அறைக்கதவு திறந்தது. பதினோரு நிமிடம். நாத்தனார் வந்தாள், நாற்காலியை இழுத்தாள், அண்ணியின் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை.

அண்ணியின் அழுகை ஓய்ந்ததும் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘ஒருமுறை’யை அழித்துவிட்டு ‘இருமுறை’ என்று அடித்தாள்.

“தரவு பழசா இருந்துது, அண்ணி.”