உறைமேல் ஒரு வரி

மயிலாத்தாள் பல் துலக்கி முடிப்பதற்குள் மூன்று அலுவலகங்களுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைய குளியல் தண்ணீருக்கு ஒன்று, வேலைக்குப் போகக் குறுக்குச் சுரங்கத்தில் அனுமதி கேட்டு ஒன்று, கணவரின் கண்ணுக்கு ஒன்று. வாயைக் கொப்பளித்துத் துப்புவதற்குள் பதிலும் வந்தது. தண்ணீர் பாதி உண்டு. சுரங்கம் இல்லை. கண் இல்லை.

செவ்வாயின் கிழக்குப் பள்ளத்தாக்கில் முப்பதாயிரம் பேர் ஒரே கூரைக்குக் கீழே மூச்சுவிடுகிறார்கள். காற்று, தண்ணீர், நடக்கிற வழி எல்லாம் அளவுதான், எல்லாம் கேட்டு வாங்குவதுதான். அதற்காக ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் மிளகளவு ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். அதன் பெயர் தூதி. மனதில் நினைத்தால் போதும், அதுவே முறையான கடிதமாக எழுதி உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். அங்கே படித்து முடிவு சொல்வதும் இயந்திரம்தான். நடுவில் மனிதர் யாரும் கிடையாது, ஆகவே பாரபட்சமும் கிடையாது என்று சுவருக்குச் சுவர் எழுதிப் போட்டிருந்தார்கள்.

ஏழாம் தொகுதிக்காரர்கள் அதை நம்பவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் கோவை, ஈரோடு பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். பேரும் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை. ஜன்னல் வைத்த வீடுகள் கட்ட ஆரம்பித்து ஒன்பது வருஷமாகியும் அந்தத் தொகுதியில் ஒருவருக்குக்கூட ஒன்று கிடைத்ததில்லை. மற்ற தொகுதிக்காரர்கள் கேட்ட மறுநாளே ஜன்னலில் சாய்ந்து நின்று செம்மண்ணை வேடிக்கை பார்த்தார்கள். இது ஏதோ சதி என்று ஏழாம் தொகுதியில் பேசிக்கொண்டார்கள், ஆனால் யார் செய்கிற சதி என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜன்னல் இல்லாவிட்டால் போகிறது. கண்ணை அப்படி விடமுடியுமா? மயிலாத்தாளின் கணவர் நாச்சிமுத்து காற்றுக் குழாய்களைப் பற்றவைப்பவர். இடது கண் போன வருஷமே போய்விட்டது. வலது கண்ணின் விழித்திரை பிரிய ஆரம்பித்திருந்தது. இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவக் கப்பல் வரும், ஒன்பது நாள் நிற்கும், அறுபது பேருக்கு அறுவை செய்யும், போய்விடும். இன்று எட்டாம் நாள். அடுத்த கப்பல் வரும்வரை இந்தக் கண் தாங்காது என்று பரிசோதித்த இயந்திரம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

எட்டு நாளும் கேட்டாள். எட்டு நாளும் இல்லை என்றே வந்தது. அதைவிட அவளைக் குழப்பியது மறுப்புக்குக் கீழே இருந்த காரணம்தான்.

“விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கு இணங்க மறுக்கப்படுகிறது.”

என் விருப்பமா? அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தலை சுற்றியது. கட்டிய புருஷன் கண் தெரியாமல் போகட்டும் என்று எவளாவது விரும்புவாளா?

இத்தனைக்கும் அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் அல்ல. கீரைப் பண்ணையின் தண்ணீர் இயந்திரங்களுக்குக் கட்டளைத்தொடர் எழுதுகிறவள். எந்தப் பாத்திக்கு எப்போது எத்தனை சொட்டு என்று அவள் எழுதி வைத்தால் அது தானாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் கணவரின் விண்ணப்பத்தையும் நினைப்பில் விடாமல் கட்டளைத்தொடராகவே எழுதி அனுப்பிப் பார்த்தாள். மருத்துவச் சான்றை மேலே வைத்தாள், கீழே வைத்தாள். ‘உடனடி’ என்பதை ‘மிக உடனடி’ ஆக்கினாள். இருபத்துமூன்று தடவை மாற்றி எழுதினாள். கடிதத்தில் ஒரு பிசகும் இல்லை. பதிலிலும் ஒரு மாற்றமும் இல்லை.

வேலைக்குச் சுற்றுவழியில் நடந்து போனவள் பண்ணைக்குள் நுழையாமல் நேராகச் செய்தித்தடக் கொட்டகைக்குப் போனாள். அங்கே ஹபீபா இருந்தாள். தூதிகளின் பழுது பார்ப்பவள், மயிலாத்தாளின் வயதுக்காரி, பத்து வருஷத் தோழி. டீ சாப்பிடுகிறாயா என்று ஹபீபா கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், இன்னொரு தடவை கேட்டால் எதுக்கு சிரமம் என்பாள், மூன்றாம் தடவைதான் வாங்குவாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஊற்றிக் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

மயிலாத்தாள் எல்லாவற்றையும் கொட்டினாள். இருபத்துமூன்று கடிதங்களையும் விரித்துக் காட்டினாள். ஹபீபா ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

“கடுதாசியவே பாத்துட்டு இருக்கியே மயிலா, உறையப் பாத்தியா?”

உறையா என்று மயிலாத்தாள் விழித்தாள். கடிதம் சும்மா போவதில்லை, அதைச் சுற்றி ஒரு உறை போகிறது, உறைமேல் தூதி சில வரிகளை எழுதி ஒட்டுகிறது என்று ஹபீபா விளக்கினாள். யார் அனுப்புவது, எந்தக் கருவி, எந்த மொழி, எப்படிப்பட்ட பதில் வந்தால் ஏற்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். இயந்திரம் முதலில் படிப்பது உறையைத்தான். நாம் எழுதியது ஒன்றாகவும் வெளியே போவது வேறாகவும் இருக்கலாம், போவதைப் பார்க்காமல் எழுதியதையே திருத்திக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் திருத்த வேண்டியதுதான் என்றாள்.

பார்ப்பதற்கு ஒரு வழி இருந்தது. பழுது பார்ப்பவர்கள் எதிரொலி முகவரி என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு எதை அனுப்பினாலும், தன்னிடம் வந்து சேர்ந்ததை உறையோடு அப்படியே திருப்பி அனுப்பும். அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாது. மயிலாத்தாள் தன் விண்ணப்பத்தை மருத்துவ அலுவலகத்துக்குப் பதிலாக அந்த முகவரிக்கு அனுப்பினாள். உறை திரும்பி வந்தது.

அனுப்புநர்: மயிலாத்தாள், ஏழாம் தொகுதி.
கருவி: தூதி, நான்காம் தலைமுறை.
மொழி: தமிழ்.
ஏற்கும் பதில்: ஆம். இல்லை என்றாலும் பரவாயில்லை.

மயிலாத்தாள் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். நான் இப்படி எழுதவே இல்லை என்று சாதித்தாள். எழுதவில்லைதான், ஆனால் நீ எழுதாமல் விட்ட வரியைத் தூதி தானே நிரப்பும் என்றாள் ஹபீபா. எதைப் பார்த்து நிரப்பும்? ஆளின் வழக்கத்தைப் பார்த்துத்தான்.

வழக்கத்தைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக மயிலாத்தாள் கேட்டது அத்தனையும் தூதியின் நினைவில் இருந்தது. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்டபோது, இல்லீன்னாலும் பரவாயில்லீங்க. பண்ணையில் லீவு கேட்டபோது, முடியலீன்னாலும் பரவாயில்லீங்க. பிரசவ வலியில் தண்ணீர் கேட்டபோதும் அதையே சொல்லியிருந்தாள். தூதியைச் செய்தவர்கள் எங்கோ தொலைவில் இருந்தவர்கள், ஒருவர் சொன்னால் அதையே நினைக்கிறார் என்று நம்புகிறவர்கள். அதனால் அந்த வால்வார்த்தையைக் கடிதத்தில் சேர்க்காமல், மறக்காமல் உறையில் குறித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். அறுபது இடத்துக்கு நானூறு பேர் கேட்டால் அலுவலக இயந்திரம் என்ன செய்யும்? இல்லை என்றாலும் பரவாயில்லை என்றவர்களுக்கு முதலில் இல்லை என்று சொல்லிவிடும். ஏழாம் தொகுதியின் ஒன்பது வருஷச் சதியும் இவ்வளவுதான்.

“சொல்றதுதாங்க... எல்லாரும் சொல்றதுதானே,” என்றாள் மயிலாத்தாள். தோழியிடம் மரியாதைப் பன்மையில் பேசுகிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் டீயைக் குடித்தாள்.

திருத்துவது சுலபம். கட்டளைத்தொடரில் அந்த ஒரு வரியைத் தானே எழுதிவிட்டால் தூதி அதைத் தொடாது. ‘ஏற்கும் பதில்: ஆம் மட்டும்’ என்று எழுதவேண்டும், அவ்வளவே. ஆனால் மயிலாத்தாளின் கை ஓடவில்லை. பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரச் சொன்னதுபோல் கூசியது. ‘தயவுசெய்து’ என்று ஒரு வார்த்தை சேர்க்கட்டுமா என்று கேட்டாள். ஹபீபா முறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி, முதலில் எதிரொலி முகவரிக்கு அனுப்பிச் சரிபார்த்து, பிறகு மருத்துவ அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

நாலு நொடியில் பதில் வந்தது. அறுபதாம் இடம் அளிக்கப்பட்டது. பயனாளியிடம் சம்மதம் கேட்டு உறுதி செய்யப்படும்.

மயிலாத்தாள் ஹபீபாவைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சூட்டோடு குறுக்குச் சுரங்கத்துக்கும் ‘ஆம் மட்டும்’ என்று போட்டாள். அதுவும் கிடைத்தது. பிறந்ததிலிருந்து சுற்றியே நடந்தவள் அன்று முதல்முறையாக நேராக வீட்டுக்கு ஓடினாள். நானூறு கஜம்தான் இருந்தது. இத்தனை நாளும் இரண்டு கல் தூரம் நடந்திருக்கிறோமே என்று வழியெல்லாம் சிரித்தாள்.

வீட்டு வாசலை நெருங்கும்போது காதுக்குப் பின்னால் இன்னொரு பதில் வந்து விழுந்தது.

“பயனாளியின் விருப்பத்துக்கு இணங்க, இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது. அவரது பெருந்தன்மைக்கு நன்றி.”

அவளுக்குப் புரியவில்லை. உறையைத் திருத்தியாயிற்று, சரிபார்த்தாயிற்று, எங்கே பிசகியது? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாச்சிமுத்து குளித்து, துவைத்த சட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“வா புள்ள. கூப்பிட்டுட்டாங்க தெரியுமா? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆப்பரேசன், சம்மதமான்னு கேட்டாங்க.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“என்ன சொல்றது? எதுக்குங்க உங்களுக்குச் சிரமம், வேற யாருக்காச்சும் அவசரம்னா மொதல்ல அவிங்களப் பாருங்கன்னேன். கேட்ட ஒடனே சரின்னு தலையாட்டுனா நல்லாவா இருக்கும்?”

தன் உறையைப் பார்த்தவள் இவருடையதைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை. திட்டலாமென்று வாயைத் திறந்தாள், காலையில் வாங்கிக் குடித்த டீ நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டாள்.

“நிக்கறயே, உக்காரு,” என்றார் நாச்சிமுத்து. தூதி பேசினால் தவறவிடக் கூடாது என்று காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தார். “மறுக்கா கேப்பாங்கல்ல, அப்பச் சரின்னு சொல்லிக்கலாம்.”