கால்வாய்க்கு அங்கால் ஒரு நட்சத்திரம்

கடற்கரை ரயில் கூவும்போதெல்லாம் மெற்றில்டா சன்னலுக்கு ஓடுவாள். ரயில் வெள்ளவத்தையில் நிற்கும். யார் யாரோ இறங்குவார்கள். அவளுடைய அப்பா மட்டும் இறங்கமாட்டார்.

அப்பா கொன்ஸ்ரன்ரைனுக்குக் காலித் துறைமுகத்தில் வேலை. இயேசு பிறந்த நத்தார்த் திருநாளுக்கு வருவதாகச் சொல்லிப் போனவர். கப்பல் வேலை முடியவில்லை. நத்தாரும் போய்விட்டது, புதுவருடமும் போய்விட்டது.

"வாசலில ஒரு நட்சத்திரக் கூடு கட்டி வை, பிள்ளை. ரயிலில வரேக்க அதைப் பார்த்துக்கொண்டே வருவன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அவளும் மூங்கில் குச்சிகளில் சிவப்புத் தாள் ஒட்டிக் கூடு கட்டினாள். பொழுதுபட்டதும் அம்மா சீனியம்மா அதற்குள் விளக்கு வைப்பாள். தெருவே பார்த்து மெச்சியது. பார்க்க வேண்டியவர்தான் வரவில்லை.

நத்தார்க் காலத்தை முடித்துவைக்கும் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு மறுநாள் நகரசபை ஓவசியர் வந்தார்.

"பிள்ளை, திருநாள் முடிஞ்சுது. தெருப்பக்கச் சோடினை எல்லாம் இண்டைக்கே கழட்டோணும். சபைச் சட்டம்."

"ஐயா, என்ர அப்பா இன்னும் பார்க்கேல்லையே!"

ஓவசியர் தலையைச் சொறிந்தார். "நான் என்ன செய்ய? கால்வாய்க்கு அங்கால எண்டால் பரவாயில்லை. தெகிவளை வேற சபை. அங்க மாசம் முடியுமட்டும் வைக்கலாம்."

மெற்றில்டா நட்சத்திரத்தைக் கழற்றினாள். பிறகு கால்வாயைப் பார்த்தாள். பாலத்துக்கு அப்பால், ரயில் பாதையோரம், முதல் வீடு ஹபீலாவுடையது. இருவரும் ஒரே வகுப்பு. காலி ரயில் தெகிவளையில் நின்று, அந்த வீட்டைத் தாண்டித்தான் வெள்ளவத்தைக்கு வரும். நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஹபீலாவின் வாப்பா இப்றாஹிம் விசயத்தைக் கேட்டுச் சிரித்தார். "எங்கட ஊட்டு வாசல்ல நத்தார் நட்சத்திரமா? சரி, கட்டுங்க மகள். யாரும் கேட்டா நான் பதில் சொல்றன்."

அன்றுமுதல் ஹபீலா விளக்கு வைத்தாள். தன் நட்சத்திரம் வேறு வீட்டில் எரிவதைப் பார்க்க மெற்றில்டாவுக்கு ஏக்கமாக இருந்தது. எரிகிறதே என்று ஆறுதலாகவும் இருந்தது.

ஒரு மாலை மழை தூறியது. ரயில் வந்தது, போனது. அப்பா இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் சன்னலை மூடப் போனபோது, பாலத்தில் ஹபீலா தலைதெறிக்க ஓடிவருவது தெரிந்தது.

"மெற்றில்டா! உங்கட வாப்பா எங்கட ஊட்டுல இரிக்கிறார்! கதவைத் தட்டி, 'சீனியம்மா, தேத்தண்ணி கொண்டா'ண்டு சத்தம் போட்டார். எங்கட உம்மா பயந்தே போயிட்டா!"

மெற்றில்டா பாலத்தை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நட்சத்திரத்தின் கீழே அப்பா நனைந்த பெட்டியோடு அசடுவழிய நின்றார்.

"தெகிவளையில ரயில் நிக்கேக்க நட்சத்திரம் தெரிஞ்சுது, பிள்ளை. மழை இருட்டில வேற ஒண்டும் தெரியேல்லை. வீடு வந்திட்டுது எண்டு இறங்கிட்டன்."

மெற்றில்டா அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இவ்வளவு நாள் பிந்தின அப்பா, இண்டைக்கு ஒரு ஸ்ரேசன் முந்தி வந்திட்டீங்க!"