ஆட்சூடு

நகரசபையின் அறிவித்தல் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்துக்குக் கிருபாகரன் வீட்டில் ஓர் ஆள் குறைவு.

வடகனடாவின் அந்த நகரத்தில் எரிவாயு உலைகளுக்கு முத்திரை வைத்துப் பல வருடமாகிறது. இப்போது ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் இருப்பது மூச்சுமீட்பி. வெளியே போகும் பழங்காற்றின் சூட்டைப் பிடுங்கி, உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுத்துவிடும். மகா கஞ்சத்தனமான இயந்திரம், துளிச் சூட்டையும் வெளியே விடாது. ஆகவே வீட்டிலிருப்பவர்களின் உடம்புச் சூடே வீட்டுக்குப் போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் அந்தக் காலத்துக் குண்டு பல்பு அளவுக்குச் சூடு தருவார். அதற்கு ஆட்சூடு என்று பெயர். தொடர்ந்து மூன்று நாள் பதினெட்டுப் பாகைக்குக் கீழே இறங்கிய வீட்டை நகரசபை பூட்டிவிடும். ஆட்கள் பழைய ஹொக்கி மண்டபத்துக்குப் போகவேண்டியதுதான். அங்கே வரிசையாகக் கட்டில்கள், விடிய விடியக் குறட்டை.

மகள் கலியாணம் கட்டிப் போனபின் வீட்டில் மிஞ்சியது கிருபாகரனும் மனைவி யோகராணியும். யோகராணிக்கு அந்த வீடென்றால் உயிர். மண்டபத்துக்குப் போக அவள் தயாரில்லை. வேறு வழியில்லாமல், முன்பு தானே சண்டை பிடித்து அனுப்பிய கணவனின் அக்கா தனலெச்சுமியைத் தேடிப் போனாள்.

“மச்சாள், நடந்ததை மறந்திட்டு வாங்கோ. உங்கட அறை அப்பிடியே கிடக்கு.”

“ஓமோம், குளிர் வந்தால்தானே உனக்கு என்ர ஞாபகம் வரும்,” என்றாள் தனலெச்சுமி. ஆனாலும் பெட்டியைக் கட்டினாள். அவள் ஒட்டிக்கொண்டிருந்த வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். அங்கே அவளை யாரும் தேடப் போவதில்லை.

வந்தாள், வீடும் சூடாகியது. கூடவே சண்டையும் வந்தது. பின்னேரமானால் தனலெச்சுமி கீழறையில் சிநேகிதிக்குத் தொலைபேசியில், “இவள் வைக்கிற சொதி அரிசி கழுவின தண்ணி,” என்பாள். மேலறையில் இருக்கும் யோகராணிக்கு அது சொல்லுக்குச் சொல் கேட்கும். யோகராணி தொலைபேசியில் மகளிடம், “இந்த மனிசி தின்னுற தீனுக்கு ரெண்டு ஆட்சூடு வரவேணும்,” என்றால் அது கீழே கேட்கும். அப்புறமென்ன, படிக்கட்டின் நடுவில் நின்று இருவரும் கிழிகிழியென்று கிழிப்பார்கள். வீட்டுச் சூட்டைக் காட்டும் சுவர்ப்பலகையில் பாகை இருபத்தொன்று.

மார்கழியில் தனலெச்சுமிக்குக் கடுங்காய்ச்சல். யோகராணி இரவு பகலாக அருகிலிருந்து கஞ்சி பருக்கி, நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். எழுந்து உட்கார்ந்ததும் தனலெச்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் ஒரே அறையில், ஒரே கம்பளிக்குள், தேநீரும் நாடகமுமாகப் பொழுதைப் போக்கினார்கள். யோகராணிக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வெளியே குளிர் இறுகியது. மூன்று ஆட்சூடும் போதாமல் வீடு பதினேழுக்கு இறங்கியது. இரண்டு நாளாக ஏறவேயில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கிருபாகரன் நிலவறைக்குப் போய், பேசத் தெரிந்த அந்த இயந்திரத்தையே கேட்டார். அதைப் பொருத்தியவரும் அவர்தான். புதுக்குழாய் போட யாருக்கு ஏலும் என்று பஞ்சிப்பட்டு, போகும் காற்றையும் வரும் காற்றையும் பழைய உலையின் குழாய்களிலேயே இணைத்திருந்தார். எல்லா அறைக்கும் பொதுவாக ஒரே குழாய்வழி, காற்றோடு பேச்சும் அதில் போகும். அறைக்கு ஒரு சிறு கதவம். அதைத் திறந்து மூடுவது இயந்திரத்தின் பொறுப்பு.

“சூட்டைக் காப்பது எனக்கு இடப்பட்ட பணி,” என்றது மூச்சுமீட்பி. “மாலையில் மேலறை, கீழறைக் கதவங்களைச் சேர்த்துத் திறந்தால் வீட்டுச் சூடு மூன்று பாகை ஏறும். காரணம் தெரியாது. இப்போது இருவரும் ஓரறையில் இருக்கிறார்கள். திறந்து பயனில்லை.”

அவர் மேலே வந்து சொன்னதும் பெண்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அட கோதாரி! எங்களைக் கொளுத்திவிட்டுக் குளிர் காஞ்சிருக்கு!” என்றாள் தனலெச்சுமி.

“விடிய வந்து பூட்டப்போறாங்கள். சிரிக்காமல் சண்டை பிடியுங்கோ,” என்றார் கிருபாகரன்.

பிடித்துப் பார்த்தார்கள். தனலெச்சுமி சொதியைத் திட்டினாள், யோகராணி அவள் மூக்கைத் திட்டினாள். இரண்டாம் வசனத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. பலகை அசையவில்லை. துள்ளிப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் துள்ளுவது? முழங்கால் விடவேண்டாமா? கோபத்துக்குத்தான் முழங்கால் தேவையில்லை.

“பொய்க்குச் சூடு வராது போல,” என்றாள் தனலெச்சுமி. கொஞ்சம் யோசித்தாள். “ராணி, உன்ர அம்மா செத்தப்ப நான் வரேல்லை. கால் ஏலாதெண்டு சொன்னனான். காலுக்கு ஒண்டுமில்லை. வர மனமில்லை.”

யோகராணி கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் கறுத்தது. அம்மாவின் சவப்பெட்டியருகே அன்று எத்தனை தடவை வாசலைப் பார்த்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

“நானும் உண்மையைச் சொல்லுறன், மச்சாள். உங்களைக் கூட்டி வந்தது சூட்டுக்கு. காய்ச்சலுக்குப் பாத்ததும் அதுக்குத்தான். நீங்கள் செத்திருந்தால் ஓர் ஆள் குறைஞ்சிருக்கும்.”

“பதினெட்டு தாண்டிட்டுது!” என்று சுவரோரமிருந்து கத்தினார் கிருபாகரன். “இன்னும் ஏறுது, ஏறுது!”

ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. தனலெச்சுமி எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு மச்சாள்மார் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு பங்குனி வரை கணகணவென்றே இருந்தது.