பத்துக் கட்டை அகலம்

ஜான்சியோட முப்பதாம் நாள் பூசை சாயங்காலம் ஆறு மணிக்கு. நான் மூணு மணிக்கே மாதா கோயிலுக்கு வந்துட்டேன். கீபோர்டு வாசிக்கிறவன் முன்கூட்டியே வந்து எல்லாத்தையும் சரி பாக்கறது வழக்கம்தான். ஆனா நான் வந்தது அதுக்கில்ல. திருட்டு வேலைக்கு ஆள் இல்லாத நேரம்தான தோது?

வெளிய மரக்காணம் வெயில். வாசல்லேருந்து பாத்தா உப்புப் பாத்தி கண்ணக் கூச வைக்குது. அந்த வெளிச்சத்துலேருந்து உள்ள நுழைஞ்சா கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டு. அணைஞ்ச மெழுகுவத்தி வாசனை. அதோட தேங்கா எண்ணெய் வாசனையும் வந்துச்சு. காலையில கோயில் பெருக்க வந்த பொம்பளைங்க யாராவது தலைக்கு வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்.

கீபோர்டு தூணுக்குப் பின்னாடி இருக்குது. மூடியிருந்த துணிய எடுத்தேன்.

வெள்ளைக் கட்டைங்க மேல அஞ்சு விரல் தடம்.

உப்பு. பாத்தியிலேருந்து அப்பத்தான் வாருன மாதிரி ஈரமான பழுப்பு உப்பு.

என் பெருவிரல அந்தத் தடத்து மேல வச்சு சுண்டுவிரல நீட்டுனேன். எட்டல. இன்னும் மூணு கட்டை தள்ளி இருந்துச்சு.

என் கை ஏழு கட்டைதான் புடிக்கும். ஒரே சுரத்த கீழயும் மேலயும் சேத்து அமுக்க எட்டுக் கட்டை வேணும். அந்த ஒரு கட்டைக்காக வருஷக்கணக்கா விரல இழுத்து இழுத்துப் பாத்தவன் நான். பாட்டுக் குழுவுல எனக்கு 'குட்டிக்கை'ன்னு பேரு. கூப்புடறப்ப கூட சேந்து சிரிச்சிக்குவேன். உள்ளுக்குள்ள எரியும்.

பத்துக் கட்டை புடிக்கிற கை இந்த ஊர்ல ஒண்ணுதான் இருந்துச்சு. அது ஜான்சி கை. உப்பளத்துல உப்பு வாருற பொண்ணு. "சகாயம் அண்ணா, எனக்கும் கத்துக் குடுங்க"ன்னு வந்தா. பெருந்தன்மையா உக்கார வச்சேன். நாலே மாசத்துல என்னத் தாண்டிப் போயிட்டா. காணிக்கைப் பாட்ட அவ வாசிச்சா ஒடம்பு சிலுத்துக்கும். தப்பு இருந்தா கண்டுபுடிக்கலாம்னு சொல்லி, கீபோர்டுலயே அத ரெக்கார்டு பண்ணி வச்சேன்.

அப்புறம் ஒரு நாள், மொத்தப் பாட்டுக் குழு முன்னாடியும் சொன்னேன்.

"உப்புக் கையோட வந்து வந்து கட்டை எல்லாம் பாழாவுது. இனிமே இதத் தொடாத."

அவ கோவப்படல. அடுத்த ஞாயித்துக்கிழமை தேங்கா நாரு போட்டுத் தேச்சு, வெடிப்புக்கெல்லாம் எண்ணெய் தடவி வந்தா. ரெண்டு கையையும் நீட்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பி எல்லாருக்கும் காட்டுனா. இஸ்கூல் புள்ள நகத்தக் காட்டுற மாதிரி.

"இப்ப சுத்தமா இருக்குது இல்லண்ணா?"

"இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

ஈஸ்டர் பூசையில அவ வாசிச்ச ரெக்கார்டப் போட்டுட்டு, கட்டை மேல சும்மா விரல ஓட்டுனேன். தூண் மறைச்சிக்கிச்சு. "யோவ் குட்டிக்கை, பின்னிட்டயே!"ன்னு தட்டிக் குடுத்தாங்க. ஜான்சி கடைசி வரிசையில உக்காந்திருந்தா. அவளுக்குத் தெரியாதா அவ வாசிப்பு? ஒரு வார்த்தை பேசல. பத்து நாள் கழிச்சு வெயில்ல பாத்தியிலயே சுருண்டு விழுந்தா. தூக்கறதுக்குள்ள போயிட்டா.

அவ முப்பதாம் நாளுக்கே அவ ரெக்கார்டப் போட்டுப் பேர் வாங்கலாம்னுதான் அன்னிக்கு வந்திருந்தேன். தூ!

அந்தத் தடத்தப் பாத்ததும் வேர்த்துக் கொட்டிடுச்சு. கட்டை மேல இருந்த உப்பக் கர்ச்சீப்பால தொடச்சேன். ரெக்கார்ட அழிச்சேன். வர்றது வரட்டும், என் கையாலயே வாசிக்கறேன்னு அங்கயே உக்காந்துட்டேன்.

ஆறு மணிக்கு கோயில் நெறஞ்சு போச்சு. முதல் வரிசையில ஜான்சியோட அம்மா அந்தோணியம்மா. முதல் பாட்டு எப்படியோ ஒப்பேத்துனேன். அப்புறம் காணிக்கைப் பாட்டு. ரெண்டு வரி வாசிச்சிருப்பேன்.

வலது ஓரத்துல ஒரு கட்டை தானா உள்ள போச்சு.

நான் அமுக்கல.

இன்னொண்ணு. அதோட இன்னொண்ணு. தேங்கா எண்ணெய் வாசனை மூக்குல ஏறுச்சு. என் கை மேல சில்லுன்னு, சொரசொரன்னு ஏதோ படிஞ்சுது.

கைய எடுத்திருக்கணும்.

எடுக்கல.

பாட்டு அவ்ளோ நல்லா வந்துக்கினு இருந்துச்சு. ஜனங்க தூண் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. நான் தலைய ஆட்டி, தோள ஆட்டி, நானே வாசிக்கிற மாதிரி காட்டிக்கினேன். உயிரோட இருந்தப்ப அவகிட்ட திருடுனேன். செத்தப்புறமும் திருடுனேன். இத நெனச்சா இன்னிக்கும் சோறு எறங்கல.

பூசை முடிஞ்சு அந்தோணியம்மா வந்துச்சு. கண்ணெல்லாம் தண்ணி.

"என் பொண்ணு வாசிச்ச மாதிரியே இருந்துச்சு தம்பி."

என் கையப் புடிச்சு அது உள்ளங்கையோட சேத்து வச்சிக்கிச்சு. அதுக்கும் அதே பெரிய கை. என் விரல் நுனி அது விரல்ல பாதிதான் வந்துச்சு. அந்தம்மா ரொம்ப நேரம் அதையே பாத்துச்சு.

"இந்தக் கைக்கு அது வராதே, சகாயம்."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டும்னு பாத்தேன். திட்டியிருந்தா தேவல.

"எங்கிட்ட சொல்லி என்னா? எம் பொண்ணு எல்லாரு முன்னாடியும் கைய நீட்டுனா இல்ல? நீயும் நீட்டு."

ஞாயித்துக்கிழமை பூசை முடியற நேரம் தூண விட்டு வெளிய வந்தேன். "ஃபாதர், ரெண்டு நிமிஷம்"னு கேட்டு நடுவுல நின்னேன். சொன்னேன். ரெக்கார்டு, ஈஸ்டர், 'உப்புக் கை'ன்னு நான் சொன்னது, எல்லாம். சொல்லி முடிச்சு ரெண்டு கையையும் நீட்டுனேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

காறித் துப்புவாங்கன்னு நெனச்சேன். யாரும் என் மூஞ்சியக் கூடப் பாக்கல.

எல்லாரும் என் கையப் பாத்தாங்க.

பாட்டுக் குழுவுல பாடுற பாப்பாத்தி அக்கா சிலுவை போட்டுக்கிச்சு.

கைய மடக்கப் பாத்தேன். முடியல. பின்னாடி நின்னு யாரோ இழுத்துப் புடிச்சிருந்தாங்க. குனிஞ்சு பாத்தேன். ரெண்டு மணிக்கட்டுலயும் பழுப்பு உப்பு. விரல் விரலா சுத்தி வந்து, நுனி ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்துச்சு. என் மணிக்கட்ட அப்படிப் புடிக்கணும்னா எவ்ளோ பெரிய கை வேணும்!

"விட்டுடு ஜான்சி"ன்னு மெதுவா சொன்னேன்.

விடல. கடைசி வரிசை வரைக்கும் எல்லாரும் பாத்தப்புறம்தான் விட்டுச்சு.

கீபோர்டு இப்ப அந்தோணியம்மா வீட்டுப் பக்கத்துப் பொண்ணு வாசிக்குது. நான் கோயில்ல கடைசி வரிசை. தெனம் தேங்கா நாரு போட்டு மணிக்கட்டத் தேய்க்கிறேன். தோலு உரிஞ்சு எரியுது.

இத எழுத உக்கார்றதுக்கு முன்னாடியும் நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தான் வந்தேன். பேப்பர் மேல உப்பு உதிர்ந்துக்கினு இருக்குது.