லாவுக்கு விரித்த படுக்கை

மெத்தையின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பியெங் இரண்டு உள்ளங்கையாலும் தட்டி, ஓரத்து இலவம்பஞ்சை நடுவுக்குத் தள்ளிச் சமன்செய்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் போர்வையை எடுத்து வந்தாள். அதற்குள் அதே இடத்தில் மறுபடியும் பள்ளம். புதுப் பஞ்சு இப்படித்தான் அமுங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புதுப் பஞ்சு அமுங்காது, உப்பும். பத்து வயதிலிருந்து மெத்தை தைக்கிறவளுக்கு அது தெரியாதா?

அந்த வீட்டில் தனியறை என்று எதுவும் கிடையாது. உயரமான மரக்கால்கள்மேல் நிற்கும் வீடு முழுக்க ஒரே நீளக் கூடம். சுவரோரம் வரிசையாகப் படுக்கைகள், ஒவ்வொன்றையும் சுற்றி அவுரிச் சாயம் ஏறிய கறுப்புத் திரை. முதலில் மாமியாருடையது, அடுத்து பியெங்குக்கும் அவள் கணவன் தியெமுக்கும். விருந்தாளிக்கு எப்போதும் ஏணிப்பக்கம் கடைசியில்தான் விரிப்பார்கள். இந்தப் படுக்கையை மட்டும் பியெங் தன் படுக்கையை ஒட்டியே விரித்திருந்தாள். ஏழு வருடம் கழித்து அவள் தங்கை லா வருகிறாள்.

லாவைப் பெற்றதுதான் அம்மா, வளர்த்தவள் பியெங். அம்மா இறந்துபோனபோது அந்தப் பிள்ளைக்கு நான்கு வயது. பத்தொன்பதில் தையல் ஆலை வேலைக்கென்று ஹனோய்க்குப் போனவள், வருகிறேன் வருகிறேன் என்று போனிலேயே ஏழு பனிக்காலத்தை ஓட்டிவிட்டாள். பியெங் இலையுதிர்காலம் முழுக்க உட்கார்ந்து இரண்டு மெத்தையும் ஒரு பஞ்சுப் போர்வையும் தைத்தாள். தலையணையின் இரண்டு முனையிலும் சிவப்பு நூலில் பூப் போட்டாள். சந்தையிலிருந்து குட்டி மஞ்சள் பல்புச் சரம் ஒன்று வாங்கிவந்து திரைக்குள் தொங்கவிட்டாள்.

மாமியார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார்.

"என் வீட்டுக்கு மருமகளா வந்தப்ப எனக்குன்னு நீ தைச்சுக் கொண்டாந்த மெத்தை இதுல பாதிகூட இல்லையேம்மா. அதுல படுத்துப் படுத்துத்தான் என் முதுகு இப்படி ஆச்சு."

"அந்த வருஷம் பஞ்சு சரியா கிடைக்கல, அத்தை."

"பஞ்சு கிடைக்கலையா, மனசு வரலையா?"

சிரித்துக்கொண்டே அவர் கோழி உரிக்கக் கீழே இறங்கிப் போனார். பியெங்கால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அவள் மத்தியானம் செய்த காரியம் அவருக்குத் தெரியாது.

எங்கள் மலைப்பக்கத்தில் ஓர் உடம்புக்கு எண்பது உயிர். முன்னால் முப்பது, பின்னால் ஐம்பது. நெடுந்தூரம் போய்த் திரும்புகிறவர்களுக்குச் சில உயிர்கள் வழியில் பின்தங்கிவிடும், ஓடையருகே, கணவாயில், தெரியாத சத்திரத்தில். அதனால் வந்தவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டபின், அவர் உடுத்திய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உயிர்களைப் பேர் சொல்லி வீட்டுக்குள் கூப்பிடுவோம். ஆள் முதலில் வரவேண்டும். கூப்பிடுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை யாரும் மாற்றியதில்லை.

காலையில் லா போனில் சொன்னாள்: "ரெண்டு ராத்திரிதான்க்கா. அதுக்குமேல லீவு இல்ல."

ஏழு வருடத்துக்கு இரண்டு ராத்திரி. அவளுடைய உயிர்கள் முதலில் இந்த வீட்டில் தங்கிவிட்டால் கால்கள் எப்படித் திரும்பிப் போகும் என்று பியெங்குக்குத் தோன்றியது. மாமியார் ஓடைக்குப் போன நேரம் பார்த்து, லா விட்டுப்போன பழைய சட்டையை எடுத்தாள். ஒட்டரிசிச் சோற்றின்மேல் ஒரு முட்டையை வைத்து ஜன்னலருகே நின்று, பனிமூட்டத்தைப் பார்த்து மெல்லக் கூப்பிட்டாள்.

"லா... முன்னால முப்பதும் வாங்க, பின்னால ஐம்பதும் வாங்க. உங்க படுக்கை சூடா இருக்கு. வேற எங்கயும் போகாதீங்க."

சட்டையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள்.

மூன்று மணிக்கு லாவிடமிருந்து மறுபடி போன். பஸ் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தது. "பனி கொட்டுதுக்கா. பஸ்ல எல்லாரும் நடுங்குறாங்க. எனக்குக் குளிரே தெரியல, பாரேன்." பிறகு பஸ்ஸின் இரைச்சல் மட்டும் நெடுநேரம் கேட்டது. கடைசியில் அவள் குரல் மரியாதையாக, தூரத்திலிருந்து கேட்டது: "நான் எந்த ஊர்ல இறங்கணும்னு சொன்னீங்க?"

லா தன் அக்காவை ஒருநாளும் நீங்க என்று சொன்னதில்லை.

இப்போது ஐந்து மணி. தியெம் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போயிருந்தான். பனிமூட்டம் ஜன்னல்வரை ஏறி வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருக்க, கீழே மாமியார் கோழி இறகு பிடுங்கும் சத்தமும் அடுப்பில் ஈரவிறகு சீறும் சத்தமும் பலகை இடுக்கு வழியே வந்தன. அவற்றுக்கு நடுவே திரைக்குள்ளிருந்து ஒரு வாசனை, புளித்த அரிசிக் கழுநீரில் அலசிய தலைமுடியின் வாசனை, இந்த வீட்டுப் பெண்கள் யாரும் தலை அலசாத நாளில், இளஞ்சூடாக வந்தது.

போர்வை லேசாக உயர்ந்தது. தாழ்ந்தது.

மறுபடி உயர்ந்தது.

இவை லாவின் உயிர்கள் என்றால், பஸ்ஸில் வருவது என்ன?

இன்னும் நேரமிருந்தது. சட்டையை உருவி ஜன்னலில் காட்டி, வந்த வழியே போங்க, உங்க உடம்பு வழியில இருக்கு என்று சொன்னால் போதும். லா பழையபடி சிரித்துக்கொண்டு வருவாள். இரண்டு ராத்திரி இருப்பாள். போய்விடுவாள்.

படுக்கையோரம் ஒருக்களித்துப் படுத்து, தலையணைக்கடியில் கையை நுழைத்தாள். தலையணை கனத்தது. மேலே ஒரு தலை இருக்கும் கனம். விரல்களில் சட்டையின் கை தட்டுப்பட்டது. பற்றினாள். இழுத்தாள்.

அப்போது அவள் கெண்டைக்கால்களுக்கு நடுவே இரண்டு பாதங்கள் நுழைந்தன. ஐஸ்கட்டி போன்ற பாதங்கள். சின்னஞ்சிறு பாதங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் பாதங்கள்.

அம்மா போன அந்தப் பனிக்காலம் முழுக்க அந்தப் பிள்ளை இப்படித்தான் தூங்கியது.

பியெங் அசையவில்லை. கண்ணை மூடினாள். பாதங்கள் மெல்லச் சூடேறும்வரை அப்படியே கிடந்தாள். பிறகு சட்டையை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். போர்வையை இழுத்துத் தோள் இருக்க வேண்டிய இடம்வரை மூடினாள்.

"தூங்குடி" என்றாள்.

வெளியே பைக் சத்தம் நின்றது. பியெங் எழுந்து திரைக்கு வெளியே வந்தாள்.

தியெம்தான் முதலில் ஏறி வந்தான். பஸ் நிலையத்தில் லா தன்னை அடையாளம் தெரியாதவள்போல் பார்த்ததாகவும், வா என்றதும் பின்னால் ஏறிக்கொண்டதாகவும், வழியெல்லாம் பைக்கில் ஆள் இருக்கும் கனமே தெரியாமல் மூன்றுமுறை திரும்பிப் பார்த்ததாகவும் தாழ்ந்த குரலில் சொன்னான். அவனுக்குப் பின்னால் ஏணியின் உச்சியில் லா நின்றாள். ஜாக்கெட் திறந்திருந்தது. முடியில் பனி உறைந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

"தங்குறதுக்கு இடம் இருக்குங்களா?"

கோழியோடு மேலே வந்த மாமியார் அதை வேடிக்கை என்று எண்ணிக்கொண்டார். "சொந்த அக்கா வீட்டுல வந்து இடம் கேக்குறா பாரு. எத்தனை நாளைக்கும்மா?"

"எத்தனை நாளானாலும் சரிங்க. எனக்குப் போறதுக்கு வேற இடம் எதுவும் ஞாபகம் இல்ல."

மாமியார் சிரித்தார். கூடத்துக் குளிரில் அந்தச் சிரிப்பு வெள்ளை ஆவியாக வாயிலிருந்து வந்தது. தியெமின் மூச்சும் வெளுத்து வந்தது. பியெங்கின் மூச்சு துண்டு துண்டாக வந்து கலைந்தது.

லா பேசிக்கொண்டே இருந்தாள். அவள் உதடுகளுக்கு முன்னால் காற்று தெளிவாக இருந்தது.

பியெங் மெதுவாகத் திரும்பினாள். கறுப்புத் திரையின் மேல்விளிம்புக்கு மேலே, ஆழ்ந்து உறங்கும் பிள்ளையின் நிதானத்தில், வெள்ளை மூச்சு எழுந்து கலைந்தது. மறுபடியும் எழுந்தது.