நெற்றியில் எழுதாத மணி

மாற்றல் உத்தரவோடு ராணுவ மருத்துவமனையின் மூன்றாவது வார்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. ஜன்னல்கள் திறந்திருந்தன, வெயில் கட்டில்கள் வரை வந்திருந்தது. பயப்பட அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் வார்டு சிஸ்டர். அவருக்கு என்னை அடையாளம் தெரியாது. அவர் வேலை போகப்போவது என்னால்தான் என்பதும் தெரியாது.

போர்முனையில் முதலுதவி செய்கிறவன் நான். ரத்தம் நிற்காவிட்டால் தொடையில் பட்டையை இறுக்கிக் கட்டி, கட்டிய மணியை மார்க்கரால் நெற்றியில் எழுதுவோம். காலைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர்கள் முடிவெடுப்பது அதை வைத்துத்தான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டினேன். எழுத மறந்துவிட்டேன். காலை எடுப்பதா, வைப்பதா என்று அவர்கள் தவித்ததில் அவன் இதே வார்டில் செத்துப்போனான்.

"எழுதினேன் சார். ஆஸ்பத்திரியில முகம் துடைச்சவங்க அழிச்சிருப்பாங்க" என்று விசாரணையில் கூசாமல் சொன்னேன். துடைத்தவர் இந்த சிஸ்டர். இன்று ஐந்து மணிக்கு முடிவு சொல்கிறார்கள்.

"வந்ததும் வராததுமா ஒண்ணு சொல்லிடறேன் தம்பி," சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "இங்க யார் நெத்தியிலயாவது ஏதாவது எழுதியிருந்தா பதறாதீங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போயிடும். அப்புறம் திரும்ப வரும்."

"யாரு எழுதறாங்க?"

"தெரிஞ்சா நான் ஏன் துடைச்சிட்டிருக்கேன்?"

முதல் கட்டிலில் காய்ச்சல்காரன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி சுத்தமாகத்தான் இருந்தது. நாடி பிடித்தேன். எங்கிருந்தோ மார்க்கர் மை வாடை.

நிமிர்ந்தேன்.

அவன் நெற்றியில் 7:10.

ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. அப்படிப் போடுவது என் பழக்கம்.

அடுத்த கட்டிலில் 7:25. அதற்கும் அடுத்ததில் 7:40.

தெரியாத மணியை செத்துப்போன அந்த டிரைவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. "அண்ணே, மணி என்ன?" என்று அன்று ஆம்புலன்ஸில் கேட்டான். "பேசாம படுடா" என்றேன். அப்போதாவது வாட்சைப் பார்த்திருக்கலாம்.

"சிஸ்டர், நீங்க எதையும் அழிக்கல. அந்த டிரைவருக்குப் பட்டை கட்டினவன் நான்தான். நெத்தியில எழுதவே இல்ல."

அவர் வாசலைக் காட்டினார். "இதை விசாரணை ரூமுக்கு வந்து எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். "நேரம் போட்டுக் கையெழுத்துப் போடு" என்றார் விசாரணை அதிகாரி. 4:20 என்று போட்டேன். என் வேலை போனது போனதுதான். ஆனால் சிஸ்டர் தப்பித்தார்.

வார்டுக்குத் திரும்பினோம். எல்லா நெற்றிகளும் வெறுமையாக இருந்தன. சிஸ்டர் ஸ்பிரிட் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று மாதத்தில் முதல்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

மறுபடியும் மை வாடை. பிடரிக்குப் பக்கத்தில்.

"அண்ணே, மணி என்ன?"

நான் திரும்பவில்லை. இந்தத் தடவை வாட்சைப் பார்த்தேன்.

"நாலு நாப்பது."

"இப்ப இல்லண்ணே. அன்னிக்கு."