பூனை திருந்தவே இல்லை

ஆயத் நான்கு மாதமாக ஒரு கோடு கூடப் போடவில்லை.

அதற்கு முன்னால் அவள் வரையாத நாள் கிடையாது. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் அவளுடைய அப்பா இனாயத், படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். அட்டையை அளவாக வெட்டியதும் நீளநீளமாகத் துண்டுகள் மிஞ்சும். அத்தனையும் ஆயத்துக்குத்தான். ஒரு துண்டில் நான்கு கட்டம், நான்கு கட்டத்தில் ஒரு படக்கதை. கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு வர வேண்டும். வராவிட்டால் அது படக்கதையே இல்லை என்பது அவளுடைய கட்சி.

படக்கதை மீது அவளுக்குப் பைத்தியம் பிடித்தது அம்மியால்தான். வீட்டில் அம்மாவை அவள் அம்மி என்றுதான் கூப்பிடுவாள். அம்மி சிறுமியாக இருந்தபோது வாங்கிச் சேர்த்த உருது சிறுவர் மாத இதழ்கள் ஒரு கட்டு வீட்டில் இருந்தன. பள்ளிக்கூடம் போகும் முன்பே, எழுத்தே தெரியாத வயதிலேயே, ஆயத் அவற்றில் இருந்த படக்கதைகளை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டாள்.

அவள் வரைவதைப் படிக்க ஜூலியட் இருந்தாள். பெஞ்சில் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே ஆயத் அடுத்ததை வரைவாள்.

ஜூன் மாதம் ஜூலியட்டின் அப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. சாந்தோமில் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். அவள் இடத்தில் இப்போது ஜெஃப்ரி உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் அவன் ஜூலியட் இல்லையே, என்ன செய்வது?

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் சூடாமணி மிஸ் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு செய்தி சொன்னார்.

"ஆளுக்கு ஒண்ணு வரைஞ்சோ எழுதியோ போர்டுல ஒட்டுங்க. நல்லா இருக்கிற ஒண்ணு பள்ளி ஆண்டு மலர்ல அச்சாகும்."

அச்சு! ஆயத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பெயர் அச்சில் வந்தால் ஜூலியட்டுக்கு ஒன்று அனுப்பலாமே. அன்று மாலையே கடையில் உட்கார்ந்து ஒரு துண்டு அட்டையை எடுத்தாள்.

முதல் கட்டத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பூனை. "பசிக்குது!" என்கிறது. இரண்டாவதில் பூனையின் வாயில் சங்கரா மீன், எதிரே மீன் கூடை. மூன்றாவதில் பூனை ஓட, மீன்காரம்மா "நில்லு!" என்று துரத்துகிறார். நான்காவதில் பூனை ஆட்டோ மேல் மல்லாந்து கிடக்கிறது. வயிறு பூசணிக்காய் போல இருக்கிறது. "ஏவ்!" என்று ஒரு ஏப்பம்.

மறுநாள் அதைப் போர்டில் ஒட்டிவிட்டு ஓரமாக நின்றாள். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சரண்யா மட்டும் "பாவம் பூனை" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

பாவமா? திருட்டுப் பூனையா பாவம்?

சூடாமணி மிஸ்ஸும் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு அழகான நீதி! தின்னு கொழுத்த பூனை, மீன்காரம்மா அதட்டினதும் தப்பை உணர்ந்து மீனைக் கூடையில திருப்பி வெச்சிடுது. அப்புறம் பசியைத் தாங்கிக்கிட்டு நிக்குது. ஆண்டு மலருக்கு இதுதான்!"

வகுப்பே கை தட்டியது. ஆயத் திருதிருவென்று விழித்தாள். தன் பூனைக்கு நீதியா? அது எப்போது திருந்தியது?

இடைவேளையில் ஜெஃப்ரியைப் போர்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இதைப் படிச்சுக் காட்டுடா."

"இன்னாத்துக்கு? நீதானே வரைஞ்சே?"

"படிடா!"

ஜெஃப்ரி இடது ஓரத்தில் விரலை வைத்தான். "பூனை ஏப்பம் வுடுது. அடுத்து எங்கம்மா மாதிரி ஒரு அம்மா நில்லுன்னு கத்துறாங்க. இங்க மீனைக் கொண்டாந்து வெக்குது. கடைசில பசிக்குதுன்னு அழுதுகினு கீது." பிறகு கொஞ்சம் யோசித்தான். "எங்கம்மா நொச்சிக்குப்பத்துல மீன் விக்கிறாங்க. இத்தினி வருஷத்துல ஒரு பூனைகூட மீனைத் திருப்பித் தந்தது இல்ல."

ஆயத் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருந்தது.

அவளுடைய கதையோ வலது ஓரத்தில் தொடங்குகிறது. அம்மியின் இதழ்களில் கட்டங்கள் அப்படித்தான் வரும், உருது எழுத்தைப் போலவே. தமிழை இடமிருந்து எழுதுகிற அவள் கை, படம் என்றால் மட்டும் தானாக வலது ஓரத்துக்குப் போய்விடும். உலகமே அப்படித்தான் வரைகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் ஜூலியட்?

ஜூலியட்டின் வீட்டில் உருது கிடையாது. இரண்டாம் வகுப்பில் ஆயத் முதல் படக்கதையைக் காட்டியபோது அவளும் முழித்துத்தான் இருப்பாள். ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எழுந்து சுற்றி வந்து ஆயத்தின் வலப்பக்கம், கதை தொடங்கும் ஓரத்துக்கு நேராக, உட்கார்ந்துகொண்டாள். மூன்று வருடமும் அந்தப் பக்கம்தான். இடம் மாறி உட்காரச் சொன்னால் மிஸ்ஸிடமே சண்டை போடுவாள்.

இது இப்போதுதான் ஆயத்துக்குப் புரிந்தது. நன்றி சொல்லக்கூட அவள் பக்கத்தில் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா, அழுவுறியா?" என்று ஜெஃப்ரி பதறினான். "பூனைக்காகவா?"

"இல்லடா. மிஸ்கிட்ட போய் உண்மையைச் சொல்லணும்."

"சும்மா கெட! செலக்ட் ஆயிடுச்சு இல்ல? சொன்னா மலர்ல போட மாட்டாங்க."

ஆயத் தயங்கினாள். அச்சில் பெயர் வர வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அச்சில் வரப்போவது யாரோ ஒரு நல்ல பூனை. அவளுடைய பூனை இல்லை.

"மிஸ், அது திருந்தல" என்று அட்டையும் கையுமாக ஆசிரியர் அறையில் போய் நின்றாள்.

"எது?"

"பூனை, மிஸ். நீங்க இந்தப் பக்கத்திலேர்ந்து பாருங்க."

மிஸ் வலது ஓரத்திலிருந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"திருட்டுப் பூனையா!"

"ஆமா மிஸ்."

"கொஞ்சம்கூட வருத்தப்படலையா?"

"இல்ல மிஸ். ஏப்பம் விடுது."

சூடாமணி மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. "சரி, எல்லாருக்கும் புரியிற மாதிரி மாத்தி வரைஞ்சு கொண்டா. திருடனாவே மலருக்குப் போகட்டும்."

மாற்றி வரைவது சுலபமாக இல்லை. கட்டங்களை இடம் மாற்றினால், பூனை வந்த வழியே திரும்பி ஓடுவது போல இருந்தது. பூனையையும் திருப்ப வேண்டும், துரத்துகிற மீன்காரம்மாவையும் திருப்ப வேண்டும். போதாததற்கு அவள் கை அடிக்கடி வலது ஓரத்துக்கே போய் நின்றது. மூன்று துண்டு அட்டை வீணானது. நான்காவது சரியாக வந்தது.

மறுநாள் அதைப் பார்த்த ஜெஃப்ரி, கடைசிக் கட்டத்தில் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அக்காங்! பூனைன்னா இது பூனை!"

ஆயத்துக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதே இன்னொரு சிரிப்புக்காக மனம் ஏங்கியது. அன்று மாலை அம்மியின் போனில் புதுப் படக்கதையைப் புகைப்படம் எடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"ஆயத்! உனக்கு இன்னாடி ஆச்சு?" ஜூலியட்டின் குரல் கவலையாக இருந்தது.

"ஏன்? நல்லா இல்லையா?"

"உன் பூனை ஏன்டி இவ்ளோ நல்லதாயிடுச்சு? எடுத்த மீனைக் கொண்டாந்து வெச்சிட்டுப் பட்டினி கிடக்குது! அங்க யாராவது உன்னைத் திட்டினாங்களா?"

ஆயத்துக்குச் சட்டென்று விளங்கியது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, ஜூலியட் இன்னமும் வலப்பக்கத்திலிருந்துதான் படிக்கிறாள்.

"ஜூலியட்" என்றாள். "இடப்பக்கத்திலேர்ந்து படி."

மறுமுனையில் "பசிக்குது... நில்லு... ஏவ்!" என்று முணுமுணுப்பது கேட்டது. பிறகு ஜூலியட் சிரித்தாள். நிறுத்தவே முடியாமல் சிரித்தாள். ஆயத் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"மத்தவங்களுக்கு இப்படியே வரைஞ்சுக்கோ" என்றாள் ஜூலியட், மூச்சு வாங்க. "எனக்கு மட்டும் மாத்தாதடி."

அன்றிலிருந்து ஆயத் ஒவ்வொரு கதையையும் இரண்டு முறை வரைகிறாள். ஒன்று எல்லாருக்கும். இன்னொன்று வலது ஓரத்தில் தொடங்கும், அதற்கு வாசகி ஒருத்திதான்.